நெட்ரா கலைத்த கற்கள்

பாறைமேட்டில் ஏறியதும், முறுக்கிக்கொண்டு நின்ற ஜூனிப்பர் மரத்துக்கு இடப்பக்கத்தில் ஒரு கல்லடுக்கு இருந்தது. அதை நெட்ரா வைக்கவில்லை.

டர்ன்புல் மலைப்பாதையில் இருக்கும் நாற்பத்துச் சொச்சம் கல்லடுக்குகளும் அவள் கையால் வைத்தவை. பதினோரு வருடமாகக் கூலி எதுவும் வாங்காமல் அந்தப் பாதையைப் பார்த்துக்கொள்கிறாள். எந்த அடுக்கின் அடிக்கல் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கும், எதன் உச்சிக்கல்லில் மஞ்சள் பாசி ஒட்டியிருக்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். குழிகளில் கொஞ்சம் தவிர அந்த மேட்டில் மண் கிடையாது. சிவப்புப் பாறை வீங்கியும் குழிந்தும் மைல் கணக்கில் கிடக்கும். அதில் யானை நடந்தாலும் தடம் பதியாது. ஒரு கல்லடுக்கின் பக்கத்தில் நின்றால் அடுத்தது கண்ணுக்குத் தெரியும், அதற்குப் போனால் அதற்கடுத்தது. அதுதான் பாதை, வேறு பாதை இல்லை.

பின்னால் தம்பி டாலின் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறி வந்தான். நாற்பத்தாறு வயது. போன பிப்ரவரியில் அவன் நெஞ்சைத் திறந்து தைத்திருந்தார்கள். இப்போது மிதமாக நடக்கலாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். பாதை தொடங்கும் இடத்தில் இருந்த பலகையிலும் 'மிதமானது, சுற்றி வர ஆறு மைல்' என்றுதான் எழுதியிருந்தது. அவன் மனைவி ஷாலீனுக்குத்தான் மனசே இல்லை. "உங்களை நம்பித்தான் அனுப்புறேன் அண்ணி. இருட்டுறதுக்குள்ள கொண்டுவந்து சேர்த்துடுங்க" என்று வாசல் வரை வந்து, வண்டியின் கண்ணாடி வழியாக இரண்டு தடவை சொன்னாள். கொண்டுவந்து சேர்க்கிறேன் என்று நெட்ராவும் இரண்டு தடவை சொன்னாள்.

"என்னக்கா அப்படி மொறைக்கிற? உன் பிள்ளைங்கள்ல ஒண்ணு உனக்கே அடையாளம் தெரியலையா?" என்றான் டாலின்.

"இது என்னோடது இல்லடா. எவனோ வேலையத்தவன் வெச்சுட்டுப் போயிருக்கான்."

"வேலையத்தவனா இருந்தாலும் கைகாரன். உன்னோடதைவிட நேரா நிக்குதே."

"நேரா நின்னு? இதைப் பிடிச்சுப் போனா நேரா முட்டுப்பள்ளத்துலதான் போய் நிக்கணும்."

மேட்டின் இடப்பக்கம் இறங்கும் கிளைப் பள்ளத்தாக்கை ஊரில் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். வாய் அகலமாகத்தான் இருக்கும். உள்ளே போகப் போக இரண்டு சுவர்களும் நெருங்கி, கடைசியில் முன்னூறு அடிப் பாறையில் முட்டிக்கொள்ளும். அதற்குள் இறங்குவது சுலபம், சறுக்கிக்கொண்டே போய்விடலாம். ஏறுவதுதான் ஆகாது. அதனால்தான் கண்ட கண்ட இடத்தில் கல்லை அடுக்குகிறவர்கள்மீது நெட்ராவுக்கு அவ்வளவு ஆத்திரம். படம் பிடிக்க அழகாக இருக்கிறது என்று எவனோ ஐந்து கல்லை அடுக்கிவிட்டுப் போவான். அதை நம்பி இன்னொருத்தன் சாவான். அப்படிப்பட்ட அடுக்கைக் கண்டால் உடனே கலைத்துவிட வேண்டும் என்பது பாதைக்காரர்களின் வழக்கம். நெட்ரா அதற்கென்று ஒரு முறை வைத்திருந்தாள். மேல் கற்களை நாலு திசையிலும் வீசுவாள். அடிக்கல்லை மட்டும் புரட்டி, வெயிலில் கருத்த முகம் தரையைப் பார்க்கும்படி கவிழ்த்துவிடுவாள். அப்புறம் அங்கே அடுக்கு இருந்ததென்று கடவுளே வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது.

உச்சிக்கல்லை எடுத்தாள். எடுத்த வேகத்தில் கீழே போட்டாள்.

"என்னாச்சு, தேளா?"

"இல்ல. ஜில்லுனு இருக்கு."

அக்டோபர் மாதம்தான் என்றாலும் மதியம் இரண்டு மணி வெயில். பாறையில் உட்கார்ந்தால் துணியைத் தாண்டிச் சுடுகிறது. அந்தக் கல் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து எடுத்ததுபோல் குளிர்ந்திருந்தது. திரும்ப எடுத்து மூக்கருகே கொண்டுபோனாள்; ஈரச் சேற்றின் வாடை. இந்த மேட்டில் ஈரம் பார்த்து ஏழு வாரமாகிறது. டாலினிடம் அதைச் சொல்லவில்லை. கற்களை நாலு பக்கமும் வீசினாள், அடிக்கல்லைக் கவிழ்த்தாள், கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு நடந்தாள். துடைத்த பிறகும் விரல் நுனியில் குளிர் போகவில்லை.

இருநூறு அடி தள்ளி இன்னொன்று. அதையும் கலைத்தாள். வீங்கிய பாறை ஒன்றைச் சுற்றி வந்தால் மூன்றாவது. ஒவ்வொன்றும் அவளுடைய அடுக்குக்குக் கொஞ்சம் இடப்பக்கமாக நின்றது. ஒவ்வொன்றும் முந்தினதைவிடக் கொஞ்சம் அதிகமாகப் பள்ளத்தின் பக்கம் சாய்ந்தது. மூன்றாவதைக் கலைக்கும்போது வாய்விட்டுத் திட்டிக்கொண்டே கற்களை வீசினாள். 

"ஏன்க்கா, கல்லுமேல இவ்வளவு கோவம்? மாமா இருந்த வரைக்கும் அவர்கிட்டக்கூட நீ இப்படிக் கத்தினது இல்லையே."

"வாயை மூடிட்டு நட. அந்தக் கறுப்புப் பொருக்கு மண்ணு உசிருள்ளது, அதுமேல கால் வைக்காத, எத்தனை வாட்டி சொல்றது?"

"சரிங்க, பாதை ராணி."

அவன் சிரித்ததைக் கேட்க அவளுக்கு ஆறுதலாக இருந்தது. பாறை நிழலில் உட்கார்ந்து வேர்க்கடலை வெண்ணெய் தடவிய ரொட்டியைத் தின்றார்கள். காற்று நின்றிருந்தது. பெரிய காக்கை ஒன்று தலைக்கு மேலே போனபோது அதன் இறக்கை காற்றை அறுக்கும் சத்தம் தனியாகக் கேட்டது. ஜூனிப்பர் காய்களின் கசந்த மணம், சுட்ட பாறையின் மணம், தம்பியின் வியர்வை மணம், எல்லாம் அதது தன் இடத்தில் இருந்தன. எதற்காகப் பயப்படுகிறோம் என்று நெட்ரா தன்னையே திட்டிக்கொண்டாள். அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

டக்.

கல்மேல் கல்லை வைக்கும் சத்தம். தூக்கிப் போடும் சத்தமில்லை, உருளும் சத்தமுமில்லை. பார்த்து, நிதானமாக, ஆடாமல் நிற்கிறதா என்று விரலால் அழுத்திப் பார்த்து வைக்கிறவர்களின் சத்தம். பதினோரு வருடம் அதைச் செய்தவளுக்கு அது தெரியாமல் போகுமா? கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தடவை, டக். அவர்கள் வந்த வழியிலிருந்துதான் வந்தது.

"யாரோ பின்னாடி வர்றாங்க போல" என்றான் டாலின், வாயில் ரொட்டியோடு.

"கீழ நம்ம வண்டி மட்டும்தானே நின்னுச்சு."

"அப்புறம் வந்திருப்பாங்க. ஹலோ!" என்று கத்தினான். யாரும் பதில் சொல்லவில்லை. சத்தமும் நின்றுவிட்டது. அது நின்ற விதம்தான் நெட்ராவுக்குப் பிடிக்கவில்லை. யாரோ கையில் கல்லோடு காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருப்பதுபோல் இருந்தது.

எழுந்து நடந்தார்கள். அடுத்து வர வேண்டியது அவளுடைய அடுக்கு, தட்டைக் கல் மூன்று, உச்சியில் கழுதைக் காது மாதிரி ஒரு கூர்க்கல். திருப்பத்தில் அது இல்லை.

இடம் தவறிவிட்டோமோ என்று சுற்றிப் பார்த்தாள். இடம் சரிதான். கழுதைக் காதுக்கல் பத்தடி தள்ளிக் கிடந்தது. தட்டைக் கற்கள் திசைக்கொன்றாகக் கிடந்தன. நெட்ரா மண்டியிட்டு அடிக்கல்லைத் தேடினாள். அது அதே இடத்தில்தான் இருந்தது. கருத்த முகம் தரையைப் பார்க்கக் கவிழ்ந்திருந்தது.

"மான் தட்டி விட்டிருக்கும்" என்றான் டாலின்.

மான் கல்லைப் புரட்டாது என்று அவள் சொல்லவில்லை.  வேகமாக அடுத்த அடுக்கு இருக்கும் இடத்துக்குப் போனாள். அதுவும் கலைந்திருந்தது. அதற்கடுத்ததும். ஒவ்வொன்றிலும் அடிக்கல் கவிழ்ந்திருந்தது, மற்றவை நாலு திசையில். அவள் செய்கிற மாதிரியே. யாருக்கும் அவள் கற்றுக்கொடுக்காத மாதிரி.

"திரும்பிடலாம். வந்த வழியே போயிடலாம்" என்றாள்.

"பாதிக்கு மேல வந்தாச்சேக்கா."

"திரும்புடான்னு சொல்றேன்ல!"

திரும்பினார்கள். வந்த வழி இல்லை. வரும்போது கைவைத்துத் தடவிக்கொடுத்துவிட்டு வந்த அடுக்குகள், அரைமணி நேரத்துக்கு முன்னால் தாண்டி வந்தவை, ஒன்றுகூட நிற்கவில்லை. வீங்கிய சிவப்புப் பாறைகள் நாலு பக்கமும் ஒரே மாதிரி முதுகைக் காட்டிக்கொண்டு கிடந்தன. அந்த மேட்டை இவ்வளவு நாளும் தன் கொல்லைப்புறம் என்று நினைத்திருந்தாள். கல்லை எடுத்துவிட்டால் அவளுக்கும் அது யாருடைய இடமோதான் என்பது இப்போதுதான் உறைத்தது. ஒரு மணி நேரம் சுற்றினார்கள். இரண்டு தடவை ஒரே செங்குத்துச் சரிவின் ஓரத்துக்கு வந்து நின்றார்கள். டாலினின் உதடு வெளுத்துப் போயிருந்தது. நெஞ்சில் கைவைத்துக்கொண்டான், அவள் பார்ப்பதைக் கண்டதும் எடுத்துவிட்டான்.

இரண்டாவது தடவை அந்த ஓரத்துக்கு வந்தபோது இடப்பக்கம் கைகாட்டினான். "அங்க பாருக்கா. அங்க இருக்கே."

இருந்தன. நேராக, அழகாக, ஒன்றன்பின் ஒன்றாக, சரிவில் இறங்கி முட்டுப்பள்ளத்தின் பக்கம் போகும் கல்லடுக்குகள். அவள் கலைத்த மூன்றும் திரும்ப நின்றன. அவற்றுக்கு அப்பால் இன்னும் இருந்தன. மேடு முழுவதிலும் நிற்கிற அடுக்குகள் அவை மட்டும்தான்.

"அது வழியில்லடா."

"வழியில்லன்னா எதுக்கு வெச்சிருக்கான்?"

நெட்ரா உட்கார்ந்துவிட்டாள்.  இதை யாரிடமும் சொல்லப் போவதில்லை என்று ஆறு மாதமாக இருந்தவள், தம்பியின் முகத்தைப் பார்க்காமல், எதிரே இருந்த பாறையைப் பார்த்துச் சொன்னாள்.

"ஏப்ரல்ல காணாம போய், கடைசி வரைக்கும் கிடைக்கலையே, அந்த ஓஹையோக்காரர், ஞாபகமிருக்கா?"

"ஃபெண்டன். பள்ளிக்கூட பஸ் ஓட்டுறவரு. தேடுறதுக்கு நானும் ஒரு நாள் வந்தேனே, நெஞ்சுத் தையல் ஆறலைன்னு பாதியில திருப்பி அனுப்பிட்டீங்களே."

"அவர் காணாம போன சேதி வியாழக்கிழமைதான் வந்துச்சு. செவ்வாய்க்கிழமை நான் இங்க வந்தேன். இதே இடம். இங்கேருந்து பள்ளத்தோட வாய் வரைக்கும் கல் வெச்சிருந்துச்சு. பத்துப் பன்னெண்டு இருக்கும். சின்னப் பசங்க வேலைன்னு நெனச்சேன். எல்லாத்தையும் கலைச்சுட்டு வீட்டுக்குப் போயிட்டேன்."

டாலின் தண்ணீர்க் குப்பியின் மூடியைத் திறந்தான், குடிக்காமலே மூடினான்.

"உள்ள இறங்கும்போது திரும்பி வர்றதுக்குன்னு வெச்சுக்கிட்டே போயிருக்காரு. நான் கலைக்கறப்போ அவர் உள்ளதான் இருந்திருக்காரு. உயிரோட."

"அது அவர் வெச்சதுன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"அவர் பொண்டாட்டி சொன்னா. ஒன்பது நாள் வண்டி நிறுத்துற இடத்துல மடக்கு நாற்காலி போட்டு உக்காந்திருந்தாளே. தினம் காலையில நான்தான் காப்பி கொண்டுபோய்க் கொடுப்பேன். ரெண்டாவது நாளு சொல்றா, 'எங்க வீட்டுக்காரர் பெரிய கடைக்குள்ள போனாக்கூட அடையாளம் பார்த்துக்கிட்டேதான் போவாரு, தொலைஞ்சு போற ஆளே இல்லீங்க'ன்னு. எனக்கு அப்பத்தான் உறைச்சுது."

"சொல்லியிருக்கலாமேக்கா. அப்பவாவது சொல்லியிருக்கலாமே."

"மேட்டுல ஒண்ணும் பார்க்கலைன்னு தேடுறவங்ககிட்ட முதல் நாளே சொல்லிட்டேன்டா. பாதை எனக்குத்தான் தெரியும்னு என்னை நம்பி எல்லாரும் கீழ ஓடையிலயே தேடினாங்க. அப்புறம் எப்படி மாத்திச் சொல்றது? மூணாவது நாள் சொல்லலாம்னு நெனச்சேன். நாலாவது நாள் நெனச்சேன்."

அழுகை வரும் என்று நினைத்தாள், வரவில்லை. வெட்கம்தான் வந்தது, அப்போது வந்த அதே வெட்கம், கொஞ்சமும் பழசாகாமல். டாலின் எழுந்து வந்து அவள் தோளில் கைவைத்தான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள்.

"சரி. அதை ஊருக்குப் போய்ப் பேசலாம். ரெண்டு பேரும் சேர்ந்தே போய்ச் சொல்லலாம். இப்ப என்னை வீட்டுக்குக் கொண்டுபோற வழியைப் பாரு" என்றான். குரலைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளப் பார்த்தான். அவன் கை குளிர்ந்திருந்தது.

மணி ஐந்தரை. ஆறே முக்காலுக்குச் சூரியன் இறங்கிவிடும். அவனை இன்னும் அலைக்கழிக்க முடியாது. வலப்பக்கம் எழுந்து நின்ற பாறைக் குன்றின் உச்சிக்கு ஏறிவிட்டால் வண்டி நிற்கும் இடம் தெரியும், திசை தெரிந்துவிடும். ஏற்றம் செங்குத்து, வழி உறுதியாகத் தெரியாமல் தைத்த நெஞ்சோடு அவனை ஏற்றக் கூடாது. அவனைப் பாறை நிழலில் உட்கார வைத்தாள். மிச்சமிருந்த தண்ணீர் முழுவதையும் பக்கத்தில் வைத்தாள்.

"நான் மேல போய் வழி பார்க்கறேன். போற வழியெல்லாம் கல் வெச்சுக்கிட்டே போறேன். இங்கேயே இரு. எதைப் பார்த்தாலும் எழுந்து போகாத. நான் கூப்பிட்டா மட்டும் கல்லைப் பிடிச்சு மெதுவா வா."

"நீ கூப்பிட்டா மட்டும். சரி" என்றான் டாலின். "சீக்கிரம் வாக்கா."

ஏறினாள். இருபது அடிக்கு ஒரு அடுக்கு வைத்தாள், அவசரமாக, மூன்று மூன்று கல்லாக. நகம் பிய்ந்து ரத்தம் வந்தது. ஒவ்வொன்றையும் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள், கீழே டாலினின் நீலச் சட்டை தெரிந்தது. பாதி ஏறியபோது குன்று வளைந்தது. சட்டை மறைந்தது. அதற்குப் பிறகு அவள் மூச்சின் சத்தமும் காலடிச் சத்தமும் மட்டும்தான். வெயில் மஞ்சளிலிருந்து சிவப்பாகிவிட்டது. பாறை மொத்தமும் அடுப்புக்குள் இருக்கும் கங்குபோல் ஒளிர, பள்ளங்களில் நிழல் தண்ணீர் ஏறுவதுபோல் சத்தமில்லாமல் ஏறிக்கொண்டிருந்தது, அந்த நிழலிலிருந்து சேற்று வாடை மேலே வந்தது. நின்று முகர்ந்தாள். அதே வாடை.

டக்.

கீழே. அவளுக்கும் டாலினுக்கும் நடுவில்.

நெட்ரா நிற்கவில்லை. கையும் காலுமாகத் தவழ்ந்து உச்சிக்கு ஏறினாள். எல்லாம் தெரிந்தது. வடக்கே, ஒரு மைலுக்குள், வண்டி நிற்கும் இடம். அவளுடைய வெள்ளை வண்டி ஒரு பல்போல் தெரிந்தது. நடுவில் நேர் இறக்கம். இவ்வளவுதானா! டாலினைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போனாலும் முழுசாக இருட்டுவதற்குள் போய்விடலாம். அவளுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. கூப்பிட வேண்டியதுதான். வாயைத் திறந்தாள். கூப்பிடுவதற்கு முன் கீழே பார்த்தாள்.

அவள் வைத்துவிட்டு வந்த அடுக்குகள் இல்லை.

ஒன்றுகூட.

கூப்பிட்டால் மட்டும் வருகிறேன் என்ற டாலினும் பாறை நிழலில் இல்லை. தண்ணீர்க் குப்பி மட்டும் நின்றது.

கண் தேடியது. வலப்பக்கம் இல்லை. பின்னால் இல்லை. இடப்பக்கம், வெகு கீழே, நீலச் சட்டை. சரிவில் மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தான். ஒரு கல்லடுக்கின் பக்கத்தில் நின்றான். மூச்சு வாங்கினான். அடுத்ததைப் பார்த்தான். அதற்குப் போனான். அக்கா வைத்த கல் என்று நம்பிப் போகிறவனின் நடை.

அவனுக்கு முன்னால், நாற்பதடி தள்ளி, ஒன்று குனிந்திருந்தது.

மனிதன் அளவுதான். காய்ந்த சேற்றின் நிறம். முதுகு மட்டும் தெரிந்தது. நிமிரவே இல்லை. குனிந்தபடியே ஒரு கல்லை எடுத்தது, வைத்தது, விரலால் அழுத்திப் பார்த்தது. இன்னொரு கல். இன்னொன்று. முடிந்ததும் குனிந்தபடியே நகர்ந்து போனது. அதன் கை நீளம். வேண்டாத அளவுக்கு நீளம்.

டாலினுக்குப் பின்னால் யாரும் இல்லை. இருந்தும் அவன் தாண்டி வந்த அடுக்குகள் ஒவ்வொன்றாகச் சரிந்தன.

"போகாதடா! டாலின்!"

அடிவயிற்றிலிருந்து கத்தினாள். குரல் எதிர்ச்சுவரில் மோதி முட்டுப்பள்ளத்துக்குள் விழுந்தது. ஒரு மூச்சு விடும் நேரம் ஒன்றுமில்லை. பிறகு பள்ளத்தின் வாயிலிருந்து அது வெளியே வந்தது. கத்தியதன் கடைசிச் சொல் மட்டும்.

"...டாலின்!"

டாலின் தலையை நிமிர்த்தினான். மேலே பார்க்கவில்லை. பள்ளத்தைப் பார்த்தான். கையை ஆட்டினான்.

"வர்றேன்க்கா! மெதுவா போ!"

அவன் குரல் அவ்வளவு தெளிவாக மேலே வந்தது. வேகமாக நடக்க ஆரம்பித்தான்.

இன்னொரு தடவை கத்தினாள். கத்தியது பள்ளத்துக்குள் போய், அங்கிருந்து அவன் பெயராக மட்டும் திரும்பியது. அவன் இன்னும் வேகமாகப் போனான். நெட்ராவுக்குப் புரிந்தது. கூப்பிடக் கூடாது. கூப்பிட்டால் போவான். கூப்பிடாவிட்டாலும் கல்லைப் பிடித்துப் போவான். ஆனாலும் குரல் கேட்காவிட்டால் ஒருவேளை நிற்பான். ஒருவேளை. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். உள்ளங்கைக்குள் மூச்சு சுட்டது. கீழே ஓடி இறங்க அரைமணியாவது ஆகும். கால் அசையவில்லை.

வெயில் அணைந்தது.

சேற்று நிறத்து முதுகு பள்ளத்தின் நிழலுக்குள் போனது. தெரியவில்லை. டாலின் பள்ளத்தின் வாயில் நின்றான். உள்ளே எட்டிப் பார்த்தான். தயங்கினான். நின்றான், கடவுளே, நின்றுவிட்டான். அவன் திரும்பி, வந்த வழியைப் பார்ப்பதை அவள் பார்த்தாள். அங்கே ஒரு கல்லும் நிற்காததை அவனும் பார்த்திருப்பான். நெஞ்சில் கைவைத்துக்கொண்டான். ஒரு அடி பின்னால் எடுத்து வைத்தான். இன்னொரு அடி.

வா. திரும்பி வா. வந்துடுடா.

அவள் சொல்லவில்லை. பல்லைக் கடித்து, வாயை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருந்தாள். ஒரு சத்தமும் விடவில்லை.

"வாடா டாலின்" என்றது பள்ளத்துக்குள்ளிருந்து அவள் குரல். "இங்கதான். கல்லைப் பிடிச்சு மெதுவா வா."

டாலின் சிரித்தான். பயம் விட்டுப்போனவனின் சிரிப்பு. "பாவி, பயந்தே போயிட்டேன்க்கா" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனான். நீலச் சட்டை கொஞ்ச நேரம் தெரிந்தது, பிறகு தெரியவில்லை.

அவள் குரல் அவனைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. பாசமாக, பொறுமையாக, ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி.